மார்போடு நின்றுபோன சல்யூட்

தோள்வலியால் யாரும் செத்ததில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் ஏராளம். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சோம்பல் முறித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அதனால் அந்த ஆறுதல் என் காதில் ஏறவில்லை. இப்போது என் கை நன்றாக இருக்கிறது. கை நன்றாக இருக்கும்போதே நான் பட்டதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தோள் வைத்திருக்கிறவர்கள் படிக்கலாம்.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியின் கடைசி வருஷங்களில் நான் சிப்பாய். சிப்பாய் என்றால் பட்டாளம் இல்லை, போலீஸ். பெயர் வைத்திலிங்கம். ஊர் நெடுங்காடு. அண்ணன்மார் இருவரும் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, மிஞ்சியவனான நான் சிவப்புத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டேன். திருடனைத் துரத்துவது, தண்ணித் தகராறில் குறுக்கே நிற்பது எல்லாம் எப்போதாவதுதான். தினப்படி வேலை சல்யூட் அடிப்பது. பெரியவர் வந்தால் அடிக்க வேண்டும், போனால் அடிக்க வேண்டும், அவருடைய மதாம், அதாவது சம்சாரம், காரில் தனியாகப் போனாலும் அடிக்க வேண்டும்.

அந்தக் கைக்குத்தான் கேடு வந்தது.

ஜூலை மாதத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு பெரிய திருநாள். அதற்காகப் போலீஸ் கச்சேரிக்கு உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்து, காகிதத் தோரணம் கட்ட வேண்டும். நான் நெட்டை. ‘வைத்திக்கு ஏணி வேண்டாம்’ என்று எல்லாரும் சேர்ந்து தீர்மானித்துவிட்டார்கள். நாள் கணக்கில் கையை அண்ணாந்தே வைத்துக்கொண்டு உத்தரத்துக்கும் விட்டத்துக்கும் சுண்ணாம்பு மட்டை பிடித்தேன். திருநாள் நன்றாக நடந்தது. மறுநாள் காலை சட்டையின் வலது கைக்குள் என் கை நுழைய மறுத்தது.

கடத்தல்காரன் ஒருவனை மடக்கியபோது பிசகியது என்று சொல்லச் சொன்னாள் என் மனைவி செல்லம். “சுண்ணாம்பு அடிச்சு கை போச்சுன்னு வெளியில சொல்லாதீங்க. போலீஸ்காரர் பொண்டாட்டின்னு எனக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல?”

முதலில் சுளுக்கு என்று நினைத்தோம். நொச்சி ஒத்தடம், நல்லெண்ணெய், பக்கத்து வீட்டுக்காரர் ஊதின விபூதி எல்லாம் ஆயிற்று. செல்லத்தின் தம்பி சாமிநாதன் வந்து பார்த்து, “அத்தான், கைய ஆட்டாம வச்சா தானா கூடிடும்” என்று சொல்லித் தன் துண்டாலேயே தூளி கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டான். வீட்டில் இருக்கும்போதெல்லாம் கை தூளியில் தூங்கியது. மாதம் ஒன்றுக்கு மேல் அப்படியே போயிற்று. வலி கொஞ்சம் அடங்கியது. ஆனால் கையும் சேர்ந்து அடங்கிவிட்டது. மார்பு உயரம் வரைக்கும் வரும். அதற்கு மேல் யாரோ உள்ளே தாழ்ப்பாள் போட்டதுபோல நின்றுவிடும். மீறித் தூக்கினால் கண்ணில் மின்னல் அடிக்கும்.

கச்சேரியில் என்னைக் காப்பாற்றியவன் சக சிப்பாய் சுல்தான். கொமிசேர், அதாவது எங்கள் பெரிய அதிகாரி, காரில் வருவது தெரிந்தால் சுல்தான் வாசலில் நின்று பலமாகத் தும்முவான். நான் பின்கட்டுக்கு ஓடிவிடுவேன். ஒருநாள் அவனுக்கு நிஜமாகவே ஜலதோஷம். காலையிலிருந்து தும்மிக்கொண்டே இருந்தான். ஓடி ஓடிக் களைத்து, இனி எத்தனை தும்மினாலும் நகர்வதில்லை என்று நான் நின்றபோது, வாசலில் சாட்சாத் கொமிசேரே வந்து நின்றார்.

கையைத் தூக்கினேன். அது மார்போடு நின்றது. இடது கையால் முழங்கையை முட்டுக் கொடுத்து ஏற்றப் பார்த்தேன். ஏறவில்லை. பதற்றத்தில் இடது கையாலேயே ஒரு சல்யூட் அடித்துவிட்டேன்.

அவர் பிரான்சிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. ஊரோ அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. இந்தியாவோடு சேர வேண்டும் என்று கூட்டம், கோஷம், சுவரெல்லாம் எழுத்து. வேலையை விட்டு எல்லை தாண்டி இந்தியப் பக்கம் போன சிப்பாய்களும் உண்டு. இந்த நேரத்தில் ஒருவன் இடது கையால் சல்யூட் அடித்தால் அவர் என்ன நினைப்பார்? அவர் முகம் என் தொப்பியின் நிறத்துக்கு வந்தது.

“முசே, தோளில் வலி” என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

“வலி தோளிலா, மனசிலா?” என்று கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “ஆஸ்பத்திரிக்குப் போ. நோய் என்றால் டாக்டர் குணப்படுத்தட்டும். குணமாகி வந்து என் முன்னால் ஒழுங்காக ஒரு சல்யூட் அடி. நோய் இல்லை என்றால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போ.”

பதினைந்து வருஷச் சேவை, குடியிருந்த வீடு, பிற்காலப் பென்ஷன் எல்லாம் ஒரு முழங்கையில் வந்து தொங்கிற்று.

இது போதாதென்று சாமிநாதன் இருந்தான். அவன் இணைப்புக் கட்சிக்காரன், ஊர்வலத்தில் முன்னால் கொடி பிடிக்கிறவன். நடந்ததை அக்காளிடம் கேட்டுக்கொண்டு போனவன், மாலைக்குள் கடைத்தெரு முழுக்க வேறு கதையாக்கிவிட்டான். மறுநாள் நான் காய்கறி வாங்கப் போனால் முன்பின் தெரியாத ஒருவர் கழுத்தில் மாலை போட்டார். “அந்நியனுக்குத் தூக்காத கை!” என்று ஒருவர் கத்த, “வாழ்க!” என்று நாலைந்து பேர் கத்தினார்கள். இடது கையில் காய்கறிப் பை, மாலையைக் கழற்ற வலது கை எழவில்லை. கத்தரிக்காயோடும் சாமந்தி மாலையோடும் வீட்டுக்கு வந்தேன்.

செல்லம் தம்பியைக் கூப்பிட்டு விட்டாள். “ஏண்டா, ஒங்க அத்தான் தூக்கலன்னு எவண்டா சொன்னான்? அவரால தூக்க முடியல!”

“ரெண்டும் ஒண்ணுதான்க்கா. ஜனங்களுக்கு ஒரு உதாரணம் வேணும்.”

“அந்த உதாரணத்துக்குச் சட்டை மாட்டிவுடறவ நான்டா!”

ஆஸ்பத்திரி டாக்டர் புதுச்சேரியில் படித்த தமிழர், சாந்தமானவர். என் சட்டையைக் கழற்றச் சொன்னார். நான் பாதி கழற்றுவதற்குள்ளேயே, “போதும், பாதி தெரிஞ்சுபோச்சு” என்றார். பிறகு கையைப் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தினார். முதலில் வலி இல்லை. பாதியில் உயிர் போயிற்று. அவரே தாங்கிப் பிடித்து அதற்கு மேலே கொண்டுபோனபோது கொஞ்சம் விட்டது. இறக்கும்போது அதே இடத்தில் மறுபடி உயிர் போயிற்று.

“எலும்புல கோளாறு இல்ல. நார்லதான்” என்றார். மேஜை மேல் இருந்த தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்து, அதன் மேல் தன் கைக்குட்டையை மூடிக் காட்டினார். “இதுதான் ஒங்க தோள் உருண்டை. தசையை எலும்போட கட்டுற நாருங்க இப்படி உருண்டையைச் சுத்திப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல ஒரு எலும்புக் கூரை இருக்கு. கூரைக்கும் உருண்டைக்கும் நடுவுல சின்னச் சந்து. கைய ஒசத்துறப்ப மேல் நாரு அந்தச் சந்துக்குள்ள போயி வரணும். நாள் முழுக்க அண்ணாந்து வேலை செஞ்சதுல நாரு புண்ணாகி வீங்கியிருக்கு. சந்துல சிக்குது.”

“வைக்கோல் ஏத்துன வண்டி சந்துல மாட்டுன மாதிரிங்களா?”

“அதேதான். வைக்கோல எறக்கி, வண்டிய மெதுவா ஓட்டிப் பழகணும். நீங்க என்ன பண்ணீங்க? வண்டிய அங்கேயே நிறுத்தி, தூளி கட்டித் தூங்க வச்சீங்க. இப்ப சக்கரமும் துருப்பிடிச்சிருக்கு.”

தூளி மாமனார் வீட்டுப் பக்கத்து யோசனை என்பதை நான் சொல்லவில்லை. செல்லம் பக்கத்தில்தான் நின்றாள்.

கொமிசேருக்குப் படம் வேண்டுமாம், நார் கீர் என்றால் நம்ப மாட்டாராம். எக்ஸ்ரே எடுக்கச் செல்லத்தோடு புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவன் வழியெல்லாம் இந்தியாவுக்குள் போயாக வேண்டும். எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். எங்கள் பக்கத்திலிருந்து கடிகாரமும் சீமைச் சாராயமும் கடத்துகிறவர்கள் அதிகம்.

“கைய மேல தூக்கு” என்றார் சாவடி அதிகாரி.

இடது கையைத் தூக்கினேன்.

“ரெண்டு கையும்.”

“இது வராதுங்க.”

“ஏன் வராது? கக்கத்துல என்ன இருக்கு?”

கக்கத்தில் இருந்தது. செல்லம் வழிப்பயணத்துக்காகச் சூடாகக் கட்டிவிட்ட ஒத்தட மூட்டை. அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்ததும் அவர் கண் பளபளத்தது. கனமாக, கெட்டியாக இருந்ததல்லவா! பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. முடிச்சை அவிழ்த்தார். நொச்சி இலையும் கல்லுப்பும் மேஜை மேல் கொட்டின. அவர் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்புங்க” என்றாள் செல்லம். “பார்த்துட்டீங்கன்னா திரும்பக் கட்டித் தாங்க. சூடு ஆறுது.”

எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு பளிங்குபோல இருக்கிறது என்றார்கள். நோயாளி ஒருவன் தன் படம் சுத்தமாக இருப்பதைப் பார்த்துக் கலங்கிய கதை வேறெங்கும் இருக்காது. கொமிசேர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “ஒன்றுமில்லையே” என்றாராம். எங்கள் டாக்டர் நேரில் போய், படத்தில் எலும்புதான் தெரியும், நார் தெரியாது, காய்ச்சல்கூடத்தான் படத்தில் தெரியாது என்று வாதாடி எனக்குக் கொஞ்சம் தவணை வாங்கி வந்தார். “இனிமே ஒங்க தலையெழுத்து சேர் கையில” என்றார்.

பிரெஞ்சில் கன்னியாஸ்திரீயை ‘சேர்’ என்பார்கள், சகோதரி என்று அர்த்தம். எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த சேர் உயரமான, நரைத்த புருவமுள்ள அம்மாள். யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களின் கைகால்களுக்கு மறுபடி அசைவு கொடுக்கும் வைத்தியத்தைப் பிரான்சில் முறையாகப் படித்தவர். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. பிடித்துவிடுவது, சூடு காட்டுவது, அசைக்க வைப்பது, அவ்வளவுதான். தமிழை மட்டும் அவர் படிக்கவில்லை. வார்டுக்கு வரும் மீனவப் பெண்கள் பிள்ளைகளைக் கொஞ்சுவதையும் திட்டுவதையும் கேட்டுக் கற்றிருந்தார். அதனால் உலகத்தில் உள்ள அத்தனை பேரும் அவருக்கு ‘வாடா’, ‘போடா’தான்.

“வாடா, வெத்திலை” என்றார் என்னைப் பார்த்து. வைத்திலிங்கம் அவர் வாயில் அப்படித்தான் வந்தது.

தோளில் கைவைத்து அழுத்திப் பார்த்தார். “இது கோபமா இருக்குடா. கோபக்காரனை அடிக்கக் கூடாது. சும்மா விட்டாலும் கதவைச் சாத்திக்குவான். தினம் வா, கொஞ்சம் பேசு, போ.”

என்னை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் விட்டால் மறுபடி தூளி கட்டிவிடுவேன் என்று சேருக்குச் சந்தேகம்.

காலையில் வெந்நீர்த் துணியால் சூடு. பிறகு மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு யானைத் துதிக்கைபோல ஆட்ட வேண்டும். கையை நாமாக ஆட்டக் கூடாது, உடம்பு அசைய அது தானாக ஆட வேண்டும். அதன் கனத்திலேயே மூட்டில் கொஞ்சம் இடம் விடுமாம். அடுத்து சுவர். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் படிப்படியாக மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் சேர் கரியால் கோடு போடுவார். பிறகு தோள்பட்டை இரண்டையும் பின்னால் இழுத்து நிற்க வேண்டும். முதுகுத் தசை பலமாக இருந்தால்தான் சந்து விரியும் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையிலும் அதே வலி இருந்தால் அளவு மீறிவிட்டாய்.

பக்கத்துக் கட்டிலில் மண்டபத்தூர்க்காரர் காத்தான். படகு இடித்துக் கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பொழுதுபோக்குக்கு அவருக்கு நான்தான் கிடைத்தேன்.

“போலீஸ்காரரே, அந்தப் பல்லி ஒங்களுக்கு முன்னாடி மேல போயிடுச்சு பாருங்க.”

ஆம்பிளை ஒருவன் சுவரில் விரலால் நடப்பதும், குனிந்து துதிக்கை ஆட்டுவதும், வார்டே பார்த்துச் சிரிப்பதும் எனக்கு மானக்கேடாக இருந்தது. மத்தியானம் சாப்பாடு கொண்டுவரும் செல்லத்திடம் சொன்னேன். தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள், எனக்குப் பக்கத்தில் குனிந்து நின்று தன் வலது கையைத் தொங்கவிட்டு ஆட்ட ஆரம்பித்தாள். வளையல் கலகலவென்றது.

“நீ எதுக்குடி?”

“சும்மா ஆட்டுங்க. ரெண்டு பேரா ஆட்டுனா யார் நோயாளின்னு தெரியாது.”

அன்றிலிருந்து காத்தான் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவரும் கட்டிலில் படுத்தபடியே கையை ஆட்டினார், துணைக்கு.

சுல்தான் வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து வருவான். கொஞ்சம் பேரீச்சம்பழம், கொஞ்சம் கச்சேரி வம்பு. “அல்லா ஷிஃபா கொடுப்பான், கை குணமாயிடும், வைத்தி. ஒன் எடத்துக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லி கொமிசேர் கேட்டாரு. நீ வந்துடுவேன்னு சொல்லிட்டேன்.” நல்ல சொல்லாகச் சொல்லத்தான் வந்தான். ஆனால் வேறு ஆள் என்ற வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அவன் போனதும் யாருமில்லாத நேரம் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஒரே வீச்சில் நெற்றிக்கு வீசினேன். நெற்றியைத் தொட்டது. அடுத்த நொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் கை அசையவில்லை. சுவரில் கரிக்கோடு எனக்கு மேலே எங்கேயோ நின்றது. இனி அவ்வளவுதான், அண்ணன்மாரிடம் போய் வரப்பில் உட்காரப் போகிறோம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணீரைத் துடைத்ததும் இடது கைதான்.

சேர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து தோளைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். “கோபக்காரன் வீட்டுக் கதவை ஒதைச்சியாடா?” என்றார். தலையாட்டினேன். “சரி. நாளைக்கு மறுபடி மொதல்லேருந்து வணக்கம் சொல்லுவோம்.”

மறுபடி துதிக்கை, மறுபடி பல்லி. கரிக்கோடு தினமும் ஏறவில்லை. ஏறும், நிற்கும், ஒருநாள் இறங்கும், பிறகு ஏறும். ஆடிப்பெருக்குத் தண்ணீர் மாதிரி இல்லை, வாய்க்கால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வருவது மாதிரி. ஒருநாள் செல்லம் மோர் ஊற்றும்போது முதுகில் அரித்தது. சொறிந்துகொண்டேன். அவள் கை நின்றது.

“என்னங்க, எந்தக் கையால சொறிஞ்சீங்க?”

பார்த்தால் வலது கை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மோர் இலையிலிருந்து கட்டில் வரைக்கும் ஓடிற்று.

கொமிசேர் முன்னால் நிற்க வேண்டிய நாள் வந்தது. செல்லமும் கூட வந்தாள். கச்சேரி வாசலுக்கு எதிரே சாமிநாதனும் அவன் ஆட்களும் கொடியோடு நின்றார்கள். அத்தான் இன்று கடைசியாக, நேருக்கு நேர் மறுக்கப் போகிறார் என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறான். தூக்கினால் வெளியே துரோகி, தூக்காவிட்டால் உள்ளே வேலை போகும். இதற்கு நார் சிக்கியதே தேவலை என்று தோன்றிற்று.

அறையின் ஜன்னல் திறந்திருந்தது. வெளியே எல்லாத் தலைகளும் தெரிந்தன. நான் குதிகாலைச் சேர்த்தேன். கை போயிற்று. மார்பைத் தாண்டிற்று, அந்தப் பழைய தாழ்ப்பாளைத் தாண்டிற்று, தொப்பி விளிம்பில் போய் நின்றது. வலிக்கவில்லை! சந்தோஷத்தில் இறக்கவே மறந்துவிட்டேன். கொமிசேர் பதில் சல்யூட் அடித்து, இறக்கி, காத்திருந்து, கடைசியில், “போதும், போதும்” என்றார். “டாக்டர் கெட்டிக்காரர். வேலைக்கு வா.”

வெளியே வந்தேன். சாமிநாதன் முகம் சுருங்கிவிட்டது. “அத்தான், சல்யூட்டா அடிச்சீங்க?”

எனக்கு முன்னால் செல்லம் பேசினாள். “சல்யூட்டா? நல்லா பார்த்தியா? அது வைத்தியம்டா. தெனம் இத்தனை தடவை கைய நெத்தி வரைக்கும் கொண்டுபோகணும்னு சேர் சொல்லியிருக்காங்க. நேரம் வந்துச்சு, செஞ்சாரு. எதிர்ல அந்த ஆளு நின்னா அதுக்கு இவரு என்ன பண்ணுவாரு?”

பின்னாலிருந்து ஒரு வயல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “எனக்கும் வலது பக்கந்தாங்க. நாத்துக்கட்டு வீச முடியல. அந்த அம்மா எந்நேரம் இருப்பாங்க?”

“எனக்குத் துடுப்புப் போட்டு” என்றார் பட்டினச்சேரிக்காரர் ஒருவர்.

சாமிநாதன் கொடிக்கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். ஊர்வலம் ஊர்வலமாகக் கம்பைத் தூக்கிப் பிடித்தால் தோள் என்ன கல்லா? செல்லம் அதைக் கவனித்தாள். “நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வாடா” என்றாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் அடுத்த வாரம் நிரம்பி வழிந்தது. வெயில் படாத நீளச் சுவர், சுவரைப் பார்த்தபடி வரிசையாக இணைப்புக் கட்சிக்காரர்கள், எல்லாருடைய கையும் மேலே. சேர் கரித்துண்டோடு நடுவில் நடந்துகொண்டிருந்தார். நான் ஒழுங்கு பார்க்க நின்றேன், சீருடையில்.

தெருவில் கொமிசேரின் கார் போயிற்று. போனது நின்றது. பின்னால் வந்தது. அவர் இறங்கி, தான் மாதக்கணக்காகப் பிடித்து உள்ளே போடத் துடித்த அத்தனை பேரும் கையைத் தூக்கிச் சுவர் பக்கம் நிற்பதை வாய் திறந்தபடி பார்த்தார்.

“வைத்திலிங்கம்! இவர்களை யார் பிடித்தது?”

“தோள்வலி, முசே.”

சேர் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அவர் பேசும் பாஷை தமிழ்தான், யார் வந்தாலும் மாற்ற மாட்டார். “ஒனக்கு வலி இருக்கா? இருந்தா வரிசையில நில்லு. இல்லேன்னா போடா, வெளிச்சத்தை மறைக்காதே” என்றார்.

கொமிசேர் என் பக்கம் குனிந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

“இன்னொரு நாள் அவசியம் வரச் சொல்கிறார், முசே” என்றேன்.